பதினெட்டாம் எண் ஊசி

மூடியைக் கழற்றியதும் முதலில் வந்தது கம்பளி.
விசிறியின் இதழிடுக்கில், வெப்பத்தகட்டின் வரிகளில்
ஒன்பது ஆண்டுச் செம்மறிகள்,
என் கோட்டிலிருந்து உதிர்ந்தவை,
சாம்பல் பஞ்சாய்ப் படிந்திருந்தன.
ஒரு கையுறைக்குத் தேறும், என்றான் நொல்பெர்த்தோ.
பின்னத் தெரியாதவன். ஆனாலும் குப்பையில் போடவில்லை.

புதிய இயங்குதளம் மூன்று முறை
எங்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தது.
நினைவகம் போதுமாம், வட்டு போதுமாம்,
செயலிதான் ஒரு தலைமுறை முந்திப் பிறந்துவிட்டதாம்.
கால்நடைப் பதிவேடோ நவம்பர் முதல் பழையதில் திறக்காது.
புவெர்த்தோ நத்தாலெஸில் அக்டோபர் ஈற்றுக் காலம்.
யாருக்கு நேரமிருக்கிறது
ஒரு சில்லின் ஜாதகம் பார்க்க?

பலகை அதேதான், அதன் குழியும் அதேதான்.
இரண்டு தலைமுறை பிந்திய ஒன்றை
ரியோ கஜேகோஸில் ஒரு பையன் விற்றான்.
சோப்பு டப்பாவுக்குள் எல்லை தாண்டிப் பேருந்தில் வந்தது.
அளவாகத்தான் ஓட்டினேன் என்று ஒரு துண்டுச் சீட்டு.
டாக்டர் ஓட்டிய வண்டி என்பார்களே, அந்தத் தொனி.
டாக்டர் வண்டி எப்படியிருக்கும் என்று
எனக்குத் தெரியும்.

முதலில் பலகையின் அடிநிரலைப் புதுப்பிக்க வேண்டும்,
பழைய செயலி உயிரோடிருக்கும்போதே.
வாரிசை அடையாளம் காட்டிவிட்டுத்தான் அது இறங்கலாம்.
அறுபத்திரண்டு விழுக்காட்டில் காற்று எழுந்தது.
கூரைத் தகடு அதிர, விளக்கு ஒருமுறை மங்கி மீண்டது.
அப்போதுதான் கதவை உதைத்துத் திறந்தாள் எர்மெலிந்தா.
அவள் வண்டியின் பின்னால் ஒரு பெட்டையாடு,
வெளியே ஒற்றைக் கால், மற்றது உள்ளே மடங்கி.

திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இரு, என்றேன்.
மணிக்கட்டு வரை இருட்டில் விட்டுத் தேடினேன்.
எழுபது, என்று கத்தினான். முட்டி அகப்பட்டது.
எழுபத்தொன்று. நழுவியது.
எழுபத்தொன்றிலேயே நின்றது, வெகுநேரம்,
அவன் குரலில் ஈரம் வற்றும் வரை.
எண்பத்து நான்கில் கால்களும் மூக்கும் வரிசைக்கு வந்தன.
தொண்ணூறில் குட்டி விழுந்து தும்மியது.
நூறை யாரும் பார்க்கவில்லை.

கை கழுவி வந்து குளிர்விப்பானை இழுத்தேன்.
பசை பாறையாகியிருந்தது.
தாழ்ப்பாள் பூட்டியபடியே இருக்க
பழைய செயலி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.
போகட்டும், ஆயுள் முடிந்தது.
ஆனால் சோப்பு டப்பா என் ஈரக்கையில் வழுக்கி
புதியது மேசையில் குப்புற விழுந்தது.
ஆயிரத்துச் சொச்சம் பொன்மயிர்க் கால்கள்;
ஓரத்தில் நான்கு சாய்ந்திருந்தன.

நொல்பெர்த்தோ ஒன்றும் சொல்லவில்லை.
அவன் திட்டும் விதம் அது.

பதினெட்டாம் எண் ஊசியை உறை பிரித்தேன்,
மாட்டுக்குக் கால்சியம் ஏற்றுவது.
அதன் துளைக்குள் ஒரு காலை நுழைத்து
மூச்சடக்கி, மயிரிழை நிமிர்த்தி, விட்டு,
மறுபடி நுழைத்து.
ஊசிமுனைத் தவம் என்றால் இதுதான்.
மூன்று வழிக்கு வந்தன.
நூறு கிலோ கடாவை அடக்கிய கை
நான்காவதிடம் கெஞ்சியது.

குழியில் வைத்தேன். அழுத்தவில்லை.
தன் கனத்தில் தானே இறங்கியது.
பட்டாணியளவு பசை. மின்சாரம்.
கறுப்புத் திரையில் ஒரு கேள்வி:
புதிய செயலி வந்திருக்கிறது,
பழைய சாவிகளை அழிக்கவா? ஒய் அல்லது என்.
அழித்தால் பூட்டியவை திறக்காமல் போகலாம்.
பூட்டி வைக்க எங்களிடம் என்ன இருந்தது?
தடுப்பூசிக் கணக்கு, வராத கடன்,
செத்துப்போன நாயின் படம் ஒன்று.
நாய்க்காக மட்டும் விரல் கொஞ்சம் நின்றது.
ஒய்.

இரவு ஒன்பதுக்கு உள்ளே விட்டார்கள்.
நாய் இருந்தது.
எர்மெலிந்தா இன்னும் போகவில்லை, காற்று தணியட்டும் என்று
குட்டியை மடியில் வைத்திருந்தாள்.
இனி இது புதிதாக என்ன செய்யும்?
நேற்று செய்ததைத்தான்.
அதற்கா இத்தனை பாடு?
அதற்குத்தான்.

பதிவேட்டைத் திறந்தேன்.
பெட்டைக் குட்டி, மூன்று கிலோ தொள்ளாயிரம்.
பிறந்த நேரம் என்ற கட்டம்
சிவந்து காத்திருந்தது.
தொண்ணூறு விழுக்காடு, என்றான் நொல்பெர்த்தோ.