குடும்ப வருமானம், ரூபாயில்

படிவத்தில் ஏழாவது கட்டம்.
முதலில் பென்சிலால் எழுதச் சொல்வேன்.
எங்கள் பக்கத்தில் யாருக்கும்
வருமானம் ஒரே தடவையில் வாயில் வராது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
மூன்றாவது மாடி, வாகனக் கடன் பிரிவு.
ஜன்னலைத் திறந்தால்
டயர்கள் என் டீ கிளாஸின் உயரத்தில் ஓடும்.
பதினொரு வருசமாய் இரண்டையும் பார்க்கிறேன்:
உள்ளே எண், வெளியே வண்டி.

தவணை வருமானத்தில் நாற்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது
என்று பயிற்சியில் ஒரு வாய்ப்பாடு தந்தார்கள்.
மழை பெய்தால் கூலி நின்றுபோகும் ஊரை
அதை எழுதியவர் பார்த்திருக்க மாட்டார்.

அருமனை ஜெபசிங் சாருக்கும் மனைவிக்கும்
அரசுப் பள்ளிச் சம்பளம்.
ஆறு ஏக்கர் ரப்பர், மகன் அயர்லாந்தில்.
ஓட்டுவது இருபத்து மூன்று வயசான மாருதி எண்ணூறு.
பின்சீட்டில் ஒட்டுபால் சாக்கு;
அந்த நாற்றத்தோடுதான் ஞாயிறு ஆராதனைக்கு.
"ஓடுதுல்லா" என்பார், வேறு காரணம் சொல்ல மாட்டார்.
மச்சினனுக்கு ஜாமீன் போட வந்தவர்
மச்சினன் பார்த்துவைத்த காரின் விலையைக் கேட்டதும்
பேனாவை மூடிவிட்டார்.

இனயம் லூர்தையனிடம் மாத வருமானம் கேட்டால்
"எந்த மாசத்துல?" என்பார்.
அவருக்கு வேண்டியது கார் அல்ல,
மீன் ஏற்ற ஒரு குட்டியானை.
ஜூனிலும் ஜூலையிலும் கடலுக்குத் தடைக்காலம் உண்டு,
வட்டிக்கு இல்லை.
மனசுக்குத் தோன்றிய ஒரு எண்ணைப் போட்டேன்.
இதுவரை ஒரு தவணையும் பிந்தவில்லை.
எப்படி என்று நான் கேட்கவில்லை.

பிறகு செல்லநேசம், பாலூர்.
முந்நூற்றைம்பது மரம் வெட்டுகிறார்,
ஒன்றுகூட அவருடையது இல்லை.
மனைவிக்கு அண்டி ஆபீசில் வேலை.
இரண்டு கூலியும் சேர்த்துப் பதினெட்டாயிரம்,
வானம் தெளிந்த மாசத்தில்.
வேண்டியது பதினோரு லட்சத்துக் கார்.
முன்பணத்துக்கு மூன்று சென்ட் விற்றாகிவிட்டது.
வெள்ளை நிறம், கூரை திறக்க வேண்டும்.
நிறத்தைச் சொன்னது மாப்பிள்ளையின் அக்கா.
கூரையைச் சொன்னது
குவைத்திலிருந்து மாப்பிள்ளை.

"குடும்பம்னா ஆரெல்லாம் பிள்ளே?
மருமகனுக்க சம்பளத்தையும் இதுல கூட்டலாமா?"

படிவத்தின் பின்பக்கம் வரை தேடினேன்.
வருமானம் ஒரு வீட்டில் இருந்து
கார் இன்னொரு வீட்டில் நிற்பதற்குக்
கட்டம் எதுவும் இல்லை.
பென்சில் எண்ணை அழித்தேன்.
மேசையில் உதிர்ந்த ரப்பர் துணுக்கை
அவர் விரலில் உருட்டிப் பார்த்தார்,
ஷீட்டின் தரம் பார்ப்பதுபோல.

நான் மறுத்தேன்.
எதிர் மாடியில் கொடுத்தார்கள்.

எனக்கும் ஒரு கார் தந்துதான் கட்டிவைத்தார்கள்.
அதன் நிறம் நினைவிருக்கிறது.
தவணை எவ்வளவு என்று
அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

ஐந்தாம் தேதிதோறும் அங்கே பணம் கட்டிவிட்டு
ரசீதோடு இங்கே ஏறி வருவார்.
முதலில் எவ்வளவு போனது, வட்டியில் எவ்வளவு போனது,
அங்கே யாரும் சொல்வதில்லையாம்.
இன்னும் எழுபத்து மூன்று மாசம் என்று
துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன்.
அதை ரசீதுக்குள் மடித்து, ரசீதைப் பைக்குள் மடித்து,
பையைச் சட்டைக்குள் வைத்தார்.

அந்தக் காரில் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறார்,
ஷோரூமிலிருந்து சர்ச் வரை.
சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை;
வேட்டி வழுக்கிக்கொண்டே இருந்ததாம்.
சொல்லும்போது சிரித்தார். நானும் சிரித்தேன்.

போன மாசம் விடாத மழை.
இருபது நாள் வெட்டு இல்லை.
ஆனாலும் ஐந்தாம் தேதி வந்தார், ரசீது நனைந்திருந்தது.
சட்டை நுனியால் ஒற்றிக்கொண்டே கேட்டார்:
"அந்தக் கூரையத் தொறந்தா
மழ உள்ள விழாதோ பிள்ளே?"

விழும் என்றேன்.
மழையில் யாரும் திறப்பதில்லை என்றும் சொன்னேன்.