பதினொரு நாடா, ஒரு முழம்

என் அளவுநாடாவில் முதல் சென்டிமீட்டர் இல்லை.
தகரமுனை கழன்று விழுந்து நாலு வருஷம்.
ஒவ்வொரு உடம்புக்கும் மனசுக்குள் ஒன்று கழித்துத்தான்
கத்தரி வைப்பேன்.
அந்த நாடாவோடுதான் பாய்மரக்காரர் சந்தில்
மதியம் மூன்று மணி வெயிலில் குந்தினேன்,
மூலை வால்விலிருந்து என் வாசல்வரை.

கடலூர் முதுநகரில் போர் போட்டால் கடல் வரும்.
இஸ்திரிப் பெட்டியில் ஊற்றினால்
வெள்ளை ரவிக்கையில் மஞ்சள் தேமல்.
குடிநீர் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.
மாநகராட்சி ஒரு தாள் தந்தது:
பகிர்மானக் குழாய் அமைக்கும் செலவு,
நாற்பத்திரண்டு மீட்டர், மீட்டருக்குத் தொள்ளாயிரத்து இருபது,
ஆக முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.
எத்தனை ரவிக்கை அது?
எண்ணத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டேன்.

பதினொரு நாடா, அதற்குமேல் ஒரு முழம்.
தேய்ந்ததைக் கழித்தால்
பதினேழு மீட்டருக்கு ஒரு சாண் குறைவு.
அந்தச் சாண் மாநகராட்சிக்குச் சும்மா போகட்டும்.
மீதி இருபத்தைந்து மீட்டர்
என் வீட்டைத் தாண்டி எங்கே போகிறது?

எதிர்வீட்டுக் கலியமூர்த்தி அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"யாருக்கு சபூரா சட்டை, ரோட்டுக்கா?"
சொன்னேன்.
உள்ளே போனவர் எல்ஐசி பையிலிருந்து
ஒரு ரசீதோடு வந்தார்.
நாற்பத்திரண்டு மீட்டர். அதே தொகை. மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி.
கடைசி வீட்டு மரியசூசையிடம் ஒன்று.
நாகூர்மீரான் மளிகையில் ஒன்று,
எலி கடித்ததில் தொகை மட்டும் தப்பியிருந்தது.
விளக்கு வைப்பதற்குள் ஐந்து ரசீது
என் மிஷின் மேசையில், ஒரே குண்டூசியில்.
ஒரே குழாய்.
ஐந்து தடவை விற்றிருக்கிறது.
நான் ஆறாவது.

பத்து ரூபாய் வில்லை ஒட்டிக் கேட்டேன்.
முப்பத்தோராவது நாள் விதியின் நகல் வந்தது,
பாதி எனக்குப் பிடிபடாத தமிழில்.
ஒரு வரி பிடிபட்டது:
'அமைத்த செலவிற்கு மேற்பட்டு வசூலிக்கலாகாது.'
வசூலிக்கலாகாது.
பைக்குள் நுழைந்த கையை
மணிக்கட்டோடு பிடிக்கிற சொல்.
வெட்டுமுன் வாடிக்கைக்காரி சொல்வாளே,
மிச்சத்துணி திருப்பித் தரணும் என்று,
அந்த மாதிரி.

ஓவர்சியர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்.
"இத்தனை வருஷமா யாரும் கேக்கலையேம்மா."
"யாரும் கேக்கலைன்னா மிச்சத்துணி
என்னுது ஆயிடுமா சார்?"
சொன்ன பிறகுதான் உறைத்தது,
என் அலமாரி மேல் இருக்கும் மூட்டை.
நல்லவேளை, அவர் அதைக் கேட்கவில்லை.

ஆடி கடைசியில் ஆணை.
குழாய்ச் செலவை ஆறாகப் பிரித்து
வீட்டுக்கு ஆறாயிரத்து நானூற்று நாற்பது.
குழி வெட்ட வந்த பையன்
கடப்பாரையை நாலு போடுதான் போட்டான்.
என் வாசப்படிக்கு இரண்டடி கீழே
கறுப்புக் குழாய், வேர்த்துக் கிடந்தது.
குடத்தோடு லாரிக்குப் பின்னால் நான் ஓடிய
அத்தனை காலையிலும்
அது இங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

மற்ற ஐந்து பேருக்கும் பணம் கைக்கு வராது.
மிகைத்தொகை 'எதிர்வரும் குடிநீர்க் கட்டணத்தில்
ஈடுசெய்யப்படும்' என்கிறது ஆணை.
மாதக் கட்டணம் நூறு ரூபாய்.
முந்நூற்று இருபத்திரண்டு மாதம்.

கலியமூர்த்தி அண்ணனுக்கு எழுபத்தொன்று.
விரல் விட்டு எண்ணினார்,
விரல் தீர்ந்து, காலண்டரின் பின்பக்கம் எழுதிக் கூட்டினார்.
தொண்ணூற்றெட்டு நடக்கிறவரை
தண்ணீருக்குக் காசு கட்ட வேண்டாம்.
"நடுவுல போயிட்டா?" என்றார்.

அதற்கு விதியில் வரி இருக்கிறதா என்று கேட்க
இன்னொரு வில்லை வாங்கி வைத்திருக்கிறேன்.