எடை

பீடோர் ஆலை எடைமேடையில்
பகல் முழுக்க லாரிகளை நிறுத்துச் சீட்டுக் கொடுக்கிறேன்.
இரவில் எனக்கொரு பேரரசு.
இரண்டாங்கை மடிக்கணினி, சூடேறினால்
குலை கொட்டுகிற மாதிரி இரையும்.

மாதம் பிறந்ததும் விளையாட்டு பகடை உருட்டும்.
கொள்ளைநோய்: சராசரியாக நூற்றிருபது மாதத்துக்கு ஒன்று.
நூற்றுப்பத்தொன்பது மாதம் தப்பியதால்
அடுத்தது வந்தே தீரும் என்றில்லை.
பகடைக்கு ஞாபகம் கிடையாது.
நம்பர் கடை வாசலில் அமுதலிங்கத்திடம் இதைச் சொன்னேன்.
"எட்டு வந்து ஏழு வாரமாச்சு, இந்த வாட்டி விடாது."
விட்டது.

கோப்பைத் திறந்தால் எழுதியே வைத்திருக்கிறார்கள்:
நல்ல விளைச்சல், எடை பத்து.
கலகம், எடை நான்கு;
களஞ்சியம் காலியென்றால் மூன்றால் பெருக்கு.
அதிர்ஷ்டத்துக்கும் எடைச்சீட்டு உண்டு,
கேட்டால் காட்டுகிறார்கள்.

தோற்றால் பழைய சேமிப்புக்குத் திரும்புவேன்.
அதே கலகம், அதே நாள், அதே கோட்டை.
விதை எண் சேமிப்புக்குள்ளேயே கிடக்கிறது.
ஒரு வழி இருக்கிறது:
கலகத்துக்கு முன்னால், சம்பந்தமில்லாத எல்லையில்
ஒரு படையைச் சும்மா ஓரடி நகர்த்து.
ஒரு பகடை கூடுதலாய் உருளும்.
அப்புறம் எல்லாமே வேறு.

தோட்டம் கைமாறியது.
லயத்தில் அறுபத்திரண்டு குடும்பம். வீடு நாற்பது.
சனிக்கிழமை மண்டபத்தில், மைலோ டின்னில் குலுக்கல்.
வரிசையில் நான் பதினேழு.
எனக்குப் பின்னால் தர்மவதி, இடுப்பில் வீறிடும் பிள்ளை.
"நீ போ" என்று ஓரடி நகர்ந்தேன்.

அவளுக்கு முப்பத்தொன்று. மூலை வீடு.
எனக்கு எண்ணே இல்லாத தாள்.

கிராணியின் மச்சானுக்கும் மூலை வீடுதான்.
அந்த எடை எந்தக் கோப்பில் இருக்கிறது என்று
யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

தாளைத் திருப்பினேன்.
போன மாதம் நானே அச்சடித்த சீட்டு,
நான்காய் நறுக்கியது.
நிகர எடை ஒன்பது டன் நானூற்று
அதற்குமேல் கத்தரி.

அன்றிரவு கலகம்.
திரையில் ஒரே ஒரு பொத்தான்:
'அப்படியே ஆகட்டும்.'
பழைய சேமிப்பு பக்கத்திலேயே இருந்தது.
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
தர்மவதியின் பிள்ளை இன்னும் தூங்கவில்லை.
சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டுக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.