தலைக்கணக்கு

பன்னிரண்டு இருந்தால் வகுப்பு.
பதினொன்று என்றால் பூட்டு.
அக்டோபர் ஒன்றாம் தேதி, காலை பத்து மணிக்கு
எத்தனை நாலு வயது உள்ளே இருக்கிறதோ
அத்தனைக்குத்தான் பணம்.

ஒக்லஹோமாவின் மேற்கு ஓரம், டன்லீவி என்றொரு ஊர்.
கோதுமைக் கிடங்கு ஒன்று, பெட்ரோல் பங்க் ஒன்று,
எட்டு மைல் தள்ளிப் பன்றிப் பண்ணை.
காற்று எந்தத் திசை என்பதை இங்கே
மூக்கே சொல்லிவிடும்.
நான் பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா.
சேர்க்கைப் படிவம், பால் பணம், பேன் அறிவிப்பு
எல்லாம் என் மேசை வழியாகத்தான்.

செப்டம்பரில் தரம் பார்க்க ஒருத்தி வந்தாள்.
மடியில் அட்டை, ஒன்று முதல் ஏழு வரை கட்டங்கள்.
மணல் விளையாட்டு: இரண்டு.
தொட்டி இல்லையாம்.
கதவைத் திறந்ததும் உள்ளே புகுந்து
அவள் காகிதத்தின் மேலேயே படிந்ததே,
அது கணக்கில் சேராதாம்.
புத்தகங்கள்: மூன்று. கை கழுவுதல்: நான்கு.
ரோவீனா டீச்சர் முழங்காலிட்டு
ஒரு பையன் தன் ஜிப்பைத் தானே மாட்டும்வரை
ஏழு நிமிடம் சும்மா இருந்தாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

ஆனாலும் சொல்ல வேண்டும்,
அவள் எழுதியதில் பாதி உண்மை.
எங்கள் புதிர்ப் படங்களில் குதிரைக்குத் தலை கிடையாது.
உதவியாளர் பண்ணை வேலைக்குப் போய்விட்டாள்,
அங்கே மணிக்கு ஆறு டாலர் கூடுதல்.

கையில் பதினொரு பெயர்.
பன்னிரண்டாவது, பண்ணைச் சாலையில்
மூன்றாவது டிரெய்லரில் இருந்தது.
அம்மா எவெலியா, குவாத்தமாலாக்காரி, இரவு ஷிஃப்ட்.
கற்றலின் தரம் பற்றி
துண்டறிக்கையைப் பார்த்து நான் வாசித்தேன்.
பொறுமையாகக் கேட்டுவிட்டு
"மூன்று மணி வரைக்குமா?" என்றாள்.
பதினொன்றரை வரைதான்.
எட்டு மணிக்குக் கண்ணை மூடுகிறவளுக்கு
அது என்ன பள்ளிக்கூடம்.
பஸ்?
தோளைக் கட்டும் பெல்ட் இல்லாமல்
நாலு வயதை ஏற்ற மாட்டார்கள்.
படிவத்தை நாலாய் மடித்து
மைக்ரோவேவ் மேல் வைத்தாள்.
மரியாதையாக இல்லை என்பது அப்படித்தான்.

மறு திங்கள் என் டிரக்கில் குழந்தை இருக்கையைப் பொருத்தினேன்.
மதியம் அவன் என் அறையில்,
ஜெராக்ஸ் மெஷினின் சூட்டருகே பாய் விரித்துத் தூங்குவான்.
பெயர் அப்னேர்.
ஸ்பானிஷில் கேட்டால் விழிப்பான்.
வீட்டு மொழி என்ற கட்டத்தில்
நான் கையால் கிச்சே என்று எழுதினேன்,
கணினி அதை மறுத்தது.

அக்டோபர் ஒன்று. பத்து மணி.
வாசலில் நின்று கண்காணிப்பாளர் எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
பதினொன்று.
மேசைக்கடியில் அப்னேர், தலையில்லாத குதிரையோடு.
ரோவீனா கூப்பிடவில்லை.
ஜிப்புக்குக் காத்திருந்த அதே முழங்காலில்
காத்திருந்தாள்.
பேனா காற்றில் நின்றது.
கடைசியில் ஒரு கால் மட்டும் வெளியே நீண்டது,
ஷூ இல்லாமல்.

எண்ணிக்கொள்ளுங்கள் சார் என்றேன்,
மிச்சமும் அதோடு சேர்ந்துதான் இருக்கிறது.

மணல் தொட்டிக்கு இன்னும் பணம் வரவில்லை.