மடை மாற்றிய இரவு

நாற்பத்தாறு இடங்களில் அச்சிடச் சொல்லி எழுதியிருந்தேன்.
ஒன்றையும் தொடவில்லை.
நிரலின் தலைவாசலில் ஒரே ஒரு வரி:
ஃப்ரீஓபன்.
திறந்தே கிடந்த ஓடையைப் பிடித்து
ஒரு கோப்பின் பக்கம் மடை திருப்பினேன்.
பெயர் அதே பெயர், சுட்டி அதே சுட்டி.
நாற்பத்தாறு வாய்களுக்கும் தெரியாது
தாம் பேசுவது இனித் திரைக்கு அல்ல என்று.

சால்ட்டோவுக்கு வடக்கே, உருகுவே ஆற்றங்கரையில்
தகரக்கூரை போட்ட அளவை நிலையம்.
இரவுப் பணியாளர் வாஷிங்டன் ஒலிவேரா.
இந்த நாட்டில் அப்படிப் பெயர் வைப்பார்கள்,
யாரும் சிரிப்பதில்லை.
கையில் மாத்தே குடுவை, கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க்.
ஆறு வருடமாக ஆற்றைத் திரையில் கேட்டவர்:
நிமிடத்துக்கு ஒரு வரி,
மணி, ஓர் இடைவெளி, மீட்டர்.

"பேச்சு நின்றுவிட்டதே, நேலிதா."
"எல்லாம் கோப்பில் விழும். சுத்தமாக இருக்கும்."
"வேண்டுமென்றால் திருப்பிக் கொண்டுவரலாமா?"

முடியாது.
பழைய வாயை மூடிவிட்டுத்தான் அது புதியதைத் திறக்கும்.
மூடுமுன் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம்.
வைக்கவில்லை.
இதை அவரிடம் சொல்லவுமில்லை.
சரியாக ஒன்பது மணிக்கு நிரலை ஓடவிட்டு
கடைசிப் பேருந்தைப் பிடித்தேன்.

அன்று மேலே, பிரேசில் பக்கம், மழை.

பத்து மணி. கோப்பின் அளவு பூஜ்யம்.
பதினொன்று. பூஜ்யம்.
பிழைகளைச் சொல்லும் ஓடையை நான் திரைக்கே விட்டிருந்தேன்;
அதுவும் வாய் திறக்கவில்லை.
பிழை எதுவும் நடக்கவில்லையே,
எதைச் சொல்லும்?

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி இது:
திரையைப் பார்த்தால் வரிக்கு வரி கொட்டும் ஓடை
கோப்பைப் பார்த்ததும் குணம் மாறும்.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எழுத்து சேரும்வரை
வாய்க்குள்ளேயே அதக்கிக்கொள்ளும்.
வரிக்குப் பன்னிரண்டு எழுத்து.
கணக்குப் போட்டால்
ஐந்தே முக்கால் மணி நேரத்து ஆறு
கரையிலும் இல்லை, வட்டிலும் இல்லை,
நினைவகத்தில் தேங்கி நின்றது.

ஒரு மணிக்கு வாஷிங்டன் எழுந்தார்.
பூஜ்யத்தை நம்பும் அளவுக்கு அவர் படித்ததில்லை.
டார்ச்சை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.
கறுப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட அளவுத் தூண்
மாலையில் இருந்த இடத்தில் இல்லை;
தண்ணீர்தான் இருந்தது,
பதினொன்றாம் கோட்டைத் தின்றுவிட்டு
அவர் பூட்சுக்குள் ஏறியது.

கீழ்க்கரையில் முப்பத்தொரு வீடு.
முப்பதுக்குத் தொலைபேசியில் சொல்லி முடித்தார்.
இர்மா பிட்டென்கோர்ட் மட்டும் எடுக்கவில்லை.
நடந்தே போய்க் கதவைத் தட்டினால்
அவள் ஏற்கெனவே ஏணியில் நின்று
கோழிகளைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.
"சும்மா நிற்காதே, அந்தச் சேவலைப் பிடி."

நாலு பத்துக்கு மின்சாரம் போனது.

காலையில் ஒரு டிராக்டரில் தொற்றி வந்து சேர்ந்தேன்.
ஜெனரேட்டர் வெளிச்சத்தில் கோப்பைத் திறந்தேன்.
முந்நூற்று நாற்பத்தோரு வரி, ஒழுங்காக, சுத்தமாக.
அடுத்த வரி
02:4
என்று நின்றது.
அதற்குப் பிறகு அது அதக்கியதெல்லாம்
இருட்டோடு போயிற்று.

வரிக்கு வரி வெளியே தள்ளச் சொல்லி
ஓர் ஆணையைச் சேர்த்தேன்.
ஒரு நிமிட வேலை.

வாஷிங்டன் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தார்,
ஈரக் கால்சட்டை, சட்டையில் இறகு.
"அந்த நாலுக்குப் பிறகு என்ன?"
"ஒன்று. இரண்டு மணி நாற்பத்தொன்று.
மீட்டர்தான் தெரியவில்லை."
அவர் யோசித்தார்.
"அப்போது நான் இர்மாவின் ஏணியில் இருந்தேன்.
மூன்றாவது படி நனைந்திருந்தது."

பென்சிலைத் தேடி எடுத்து
மூன்றாவது படி என்று
பதிவேட்டில் எழுதிவைத்தேன்.