சுழியத்தில் நின்ற லாரி

பீடோரில் மழை பிடித்துக்கொண்ட ஞாயிறு.
கீழே டயர் கடை பூட்டியாயிற்று.
மேசையில் ஆறிய கோப்பி ஓ.
திரையில், செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்
ஏறி இறங்கிய லாரிகள், ஒன்பது வருஷம்;
நாளுக்கு ஓர் அணி,
பெட்டிக்கு ஓர் எடை.

மேனேஜர் வெள்ளிக்கிழமை கேட்டது இவ்வளவுதான்:
"கணக்கு ஏன் இவ்வளவு மெதுவா ஓடுது?"

நான்கு லூப்களை எழுதி ஓட விட்டேன்.
ஒன்று, எண்ணைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுவது.
ஒன்று, நீளத்தை வாசலிலேயே கேட்டு வைத்துக்கொண்டு
அப்புறம் திரும்பிக் கேட்காதது.
ஒன்று, கடைசிப் பெட்டியிலிருந்து பின்பக்கமாக நடப்பது
(அது வேகம் என்று யாரோ எப்போதோ சொன்னது).
நான்காவதிடம் எண்ணே கிடையாது.
"உள்ளதை எல்லாம் கொண்டா" என்று
ஒவ்வொரு பெட்டியையும் ஒரு சாளரத்தில் நீட்டி
கையெழுத்து வாங்கி வரும்.

முதல் ஓட்டத்தை எழுதி வைக்கவில்லை.
ரோஸ்லானின் மோட்டார் மாதிரி அது,
மழைக்காலையில் நாலு உதை வாங்காமல் கிளம்பாது.
இரண்டாவதிலிருந்து எழுதினேன்:
முப்பத்தெட்டு, முப்பத்தேழு, நாற்பது.
நான்காவது, நூற்றுப் பன்னிரண்டு.
எல்லாம் மில்லிவினாடி.
ஒரு கொசு முடிவெடுக்கிற நேரம்.

பிறகு கம்பைலரை வேகத்துக்குத் திருப்பினேன்.
நான்கும் பூஜ்யம்.
பூஜ்யம்!
பினாங்கில் சிப் தொழிற்சாலையில் இருக்கும் யோகராணிக்கு
படம் பிடித்து அனுப்பினேன்.
பதில் ஒரு வரி:
"கூட்டினதை எங்கடி வச்சே?"

எங்கேயும் வைக்கவில்லை.
கேட்க ஆளில்லாத கூட்டலை
இயந்திரம் கூட்டவே இல்லை.
ஒரு லாரியைக்கூடத் தொடாமல்
நான்கு பேரும் முதலாவதாக வந்திருக்கிறார்கள்.

சரி என்று விடையை அச்சிடச் சொன்னேன்.
நேரம் திரும்பி வந்தது, கூடவே ஒரு தொகையும்.
நான்கிலும் ஒரே தொகை.
ஆலைக் கணக்கில் மட்டும் அது இல்லை.
குறைகிறது.
ஒன்பது வருஷமும், ஒரு நாள் தவறாமல்,
ஒரு லாரி குறைகிறது.

பழைய நிரலைத் திறந்தேன்.
எழுதியவர் ஜொகூருக்குப் போய் வெகுநாளாகிறது.
அவர் பழகிய மொழியில் எண்ணிக்கை ஒன்றில் தொடங்கும்;
இதில் சுழியத்தில்.
மொழி மாறியது, விரல் மாறவில்லை.
சுழியப் பெட்டியைத் தாண்டித்தான்
தினமும் அவர் லூப் காலை எடுத்து வைத்தது.

சுழியத்தில் யார்?
தேதி தேதியாகப் பார்த்தேன். முக்கால்வாசி நாள் ஒரே நம்பர் பிளேட்,
காலை ஐந்து நாற்பது, ஐந்து நாற்பத்திரண்டு:
சர்குணன், பதினோரு ஏக்கர்,
இடது விளக்கு எரியாத லாரி.
அன்றாடச் சீட்டுக்கு அன்றன்றே காசு வாங்கியிருக்கிறார்.
வருஷக் கடைசி ஊக்கத்தொகைதான்
இந்தக் கூட்டலிலிருந்து போவது.

திங்கட்கிழமை எடைப்பாலத்தில் சொன்னேன்.
குலைகள் மேல் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது.
சுழியத்தை எப்படி விளக்குவது?
கையை விரித்தேன், மடக்கினேன்,
கட்டைவிரலுக்கு முன்னால் இன்னொரு விரல் இருப்பதாகச் சொன்னேன்.
அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்போ, சீக்கிரம் வந்ததாலயா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
இல்லை என்றும்.

புது நிரலில் நான் போட்டது நான்காவது லூப்.
இருப்பதிலேயே மெதுவானது.
எங்கே தொடங்குவது என்று
அது யாரையும் கேட்பதில்லை.
மேனேஜருக்கு மில்லிவினாடி தெரியவில்லை;
மெதுவாக இருந்தது பிரிண்டர், அதைத்தான் மாற்றினார்கள்.
நிலுவைக்கு மனு போயிருக்கிறது, ஈப்போ ஆபீசில்.

"இப்போ சரி பண்ணியாச்சு" என்று
இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன் சர்குணனிடம்.
தலையை ஆட்டினார்.
மறுநாளும் ஐந்து நாற்பதுக்கே வந்து
ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து,
இரண்டு லாரிகளை முன்னே விட்டுவிட்டு
மூன்றாவதாக ஏறினார்.