ஏழாம் எண் வீட்டில் பதினொரு பேர்

மழை நின்றபாடில்லை.
லூகோ நீதிமன்றப் படியில் குடையை உதறிவிட்டு
உள்ளே போனேன்.
முன் வரிசையில் மேயர் எவரிஸ்தோ,
கழுத்துப்பட்டை இல்லாமல்.
அவரை அப்படி நான் பார்த்தது
ஆற்றுப்பாலம் இடிந்த இரவில் மட்டும்தான்;
அன்றைக்கு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.
பக்கத்தில் பதிவேட்டு எழுத்தர் பெனில்தே,
கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து,
பேருந்துக்குக் காத்திருப்பவள் போல.

தொழில்?
தபால்காரி. பத்தொன்பது வருடம்.
வில்லரெல்லேயின் கதவுகள் எல்லாம்
என் கட்டைவிரலுக்குத் தெரியும்.

ஏழாம் எண்ணைத் தெரியுமா?
தெரியும், ஐயா.
ஆறு கல்தூண் மேல் நிற்கும் சோளக் குதிர்.
எலி ஏறாமலிருக்க
தூணுக்குத் தூண் வட்டக்கல் தொப்பி.
எலி ஏற முடியாத இடத்தில்
பதினொரு வாக்காளர்கள் ஏறியிருந்தார்கள்:
மேயரின் மைத்துனன், மைத்துனன் மாமியார்,
பில்பாவோவில் பல் பிடுங்கும் ஒருவர்,
மூன்று சகோதரர்கள், அவர்களுடைய மனைவிமார்,
இன்னும் இரண்டு பேர்,
யாரென்று மேயருக்கே நினைவில்லை.
டிசம்பரில் குடிவந்தார்கள், ஏட்டில்.
மே மாதம் தேர்தல்.

வாக்காளர் அட்டைகளை நான்தான் கொண்டுபோனேன்.
கதவில் பூட்டுகூட இல்லை, கதவே இல்லை.
பலகை இடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.
மறுநாள் ஒன்றைக் காணோம்.
மேலே குருவிக்கூட்டில்
அரசு முத்திரை பாதி தெரிந்தது.

அரசு வழக்கறிஞர் தண்ணீர்க் கணக்கை வாசித்தார்.
ஜனவரி பூஜ்யம். பிப்ரவரி பூஜ்யம்.
பதினொரு பேர், ஐந்து மாதம்,
ஒருத்தரும் முகம் கழுவவில்லை.
அறை சிரித்தது.
பெனில்தே சிரிக்கவில்லை.
கையெழுத்து அவளுடையது.

அடுப்பில் பூனை தூங்கும் வீடு என்பார்கள்.
இங்கே பூனை தூங்க அடுப்பும் இல்லை.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றவன்
ஆறு வாக்கில் ஜெயித்துப் பார்க்காதவன்.

கடைசி வரிசையில் ஹெர்மீனியா,
ஆறு வாக்கில் தோற்றவள்,
விடியலில் பால் கறந்த கையோடு வந்திருந்தாள்.
அவள் பக்கத்து இருக்கை
கடைசிவரை காலியாகவே இருந்தது.

மேயர் ஒரே ஒருமுறை பேசினார்:
"நூற்று நாற்பது தலைக்குக் கீழே போனால்
செவ்வாய்க்கிழமை மருத்துவர் வரமாட்டார்.
எண்ணிக்கைதான் கேட்டார்கள்.
எண்ணிக்கை கொடுத்தேன்."
நீதிபதி எதையோ எழுதிக்கொண்டார்.
அந்த மருத்துவர்தான்
போன மாதம் என் மூட்டுக்கு மாத்திரை தந்தார்.

பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தான்,
மீசை இன்னும் முழுதாய் வராத பையன்.
"அம்மணி, நேற்றிரவு எங்கே தூங்கினீர்கள்?"

மோன்ஃபோர்ட்டேயில்.
மருந்துக்கடை மாடியில், தங்கை வீட்டில்.
"எவ்வளவு காலமாக?"
நான்கு வருடம்.
"வில்லரெல்லேயில் வாக்களித்தீர்களா?"

என் அட்டையை
என் பையிலிருந்து நானே எடுத்து,
இருபத்திரண்டாம் எண் வரை நடந்து,
என்னை விட்டுப்போனவன் பூட்டிய வீட்டின் முன்
எனக்கு நானே கொடுத்துக்கொண்ட காலை
நினைவுக்கு வந்தது.
ஆம், என்றேன்.
அந்த வீட்டில் என் அரிவாள் இருக்கிறது,
கொல்லையில் நான் நட்ட வாதுமை இருக்கிறது,
தூக்கம் மட்டும்தான் இல்லை
என்று சொல்ல நினைத்தேன்.
கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் என்றார்கள்.

யாருக்குப் போட்டேன் என்று யாரும் கேட்கவில்லை.
பாலத்தைத் திரும்பக் கட்டியவருக்குத்தான்.

தீர்ப்பு வந்தது.
அவருக்குப் பதவி போனது, ஒரு வருடம்,
சிறைக்குப் போகத் தேவையில்லாத வருடம்.
பெனில்தேக்கு அபராதம்.
தீர்ப்பு நகலை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதும் நான்தான்.
கையெழுத்துப் போட்டு,
"முகவரி சரிதானே, தோரிந்தா?" என்றார்.
சிரித்தாரா, தெரியவில்லை,
கதவு பாதிதான் திறந்திருந்தது.

அதே கட்டில் இன்னொரு உறை,
நீதிமன்றத்திலிருந்து,
என் பெயருக்கு, இருபத்திரண்டாம் எண்ணுக்கு.
பிரிக்காமல் பையில் வைத்திருக்கிறேன்.
'இங்கே வசிப்பதில்லை' முத்திரையும்
அதே பையில்தான் கிடக்கிறது.
இந்த மழையில் மை காயாது
என்று ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.